நாலு நிறம், ஒரு சருவம்

எங்கள் வீடு இஞ்சிவிளையில். தெற்கே கொஞ்சதூரம் நடந்தால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. வடக்கே பாறசாலை, அதையும் தாண்டினால் நெய்யாற்றின்கரை. வீட்டில் தமிழ் பேசினோம், பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தோம். கிறிஸ்துமஸ் வந்தால் முந்திரிக்கொத்து, அச்சப்பம் இரண்டும் கட்டாயம் உண்டு. நான் சிறுமியாக இருந்த 1960-களின் கடைசியில் அவற்றோடு நாலு நிற அடுக்குக் கேக்கும் சேர்ந்துகொண்டது. அது எப்படி எங்கள் அடுக்களைக்குள் வந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

கேரளத்தில் கேக் வரலாறு என்றாலே தலச்சேரியைத்தான் சொல்வார்கள். அங்கே மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880-இல் ராயல் பிஸ்கட் ஃபாக்டரி தொடங்கினார். அஞ்சரக்கண்டியில் பட்டைத் தோட்டம் வைத்திருந்த மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் 1883-இல் ஒரு பிளம் கேக்கைக் கொண்டுவந்து காட்டி, இதுபோல் ஒன்று செய்து தரச் சொன்னாராம். பாப்பு ஊர்ச் சரக்குகளை வைத்தே செய்து கொடுத்தார். அந்தக் குடும்பத்துக் கிளைதான் பிறகு திருவனந்தபுரத்தில் சாந்தா பேக்கரி வைத்தது. பெருமைக்குரிய கதைதான். ஆனால் அது போர்மாவில், அதாவது பேக்கரி அடுப்பில், வெந்த கேக்கின் கதை. போர்மாவைக் கண்ணால்கூடப் பார்த்திராத எங்கள் வீடுகளுக்குக் கேக் வந்த வழி வேறு.

அந்த வழி மிஷனரிகளோடு தொடங்குகிறது. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் ஊழியம் தொடங்கினார். அவருக்குப் பின்னால் லண்டன் மிஷன் மேற்கே பரவியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் ஆப்ஸ் பாறசாலையில் தங்கிப் பணி செய்தார். மிஷன் பங்களா இருந்த இடத்தில் குசினியும் இருந்தது, குசினியில் வேலை செய்தவர்கள் நம்மூர்க்காரர்கள். என் பாட்டியின் அம்மா அப்படி ஒரு குசினியில் இருந்தவர். அடியில் கனல், மூடியின் மேல் கனல், நடுவில் மாவு என்ற வித்தையை அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நிறமெல்லாம் அப்போது கிடையாது.

நிறம் இலங்கையிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்கள் நிறையப் பேர். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. ஓர் எண்ணைப்போல எழுதிவிட்டேன், அதற்குள் வாழ்ந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய எத்தனையோ குடும்பங்கள். அப்படித் திரும்பியவர்களில் என் பெரியம்மாவும் ஒருத்தி. கண்டிப் பக்கம் ஒரு துரை வீட்டில் சமையல் செய்தவள். ஒரு டிரங்குப் பெட்டியும் ரிப்பன் கேக்கின் செய்முறையும் கொண்டுவந்தாள். இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்களில் தனித்தனியாகச் சுட்டு, வெண்ணெய் ஐசிங் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. இலங்கையில் பிறந்தநாளுக்கும் விசேஷத்துக்கும் இன்றைக்கும் அதைச் செய்கிறார்கள்.

பெரியம்மாவின் நிறமும் பாட்டிவழிக் கனலும் என் அம்மாவின் சருவத்தில் ஒன்று சேர்ந்தன.

பெரிய அலுமினியச் சருவத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்றுமணல். மணல் சூடானதும் மாவு ஊற்றிய தட்டை அதன்மேல் இறக்கி, இரும்பு மூடி போட்டு, மூடிமேல் சிரட்டைக் கனலைப் பரப்புவாள். “அடியில கொறச்சு தீ போதும் மக்களே, மேலதான் வேணும்” என்பாள். மாவு ஒரு விரல் உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடி கரியும், நடு வேகாது. ஆகவே மெல்லிய அடுக்காக நாலு தடவை சுட்டால்தான் எங்களுக்கு ஒரு முழுக் கேக். ரிப்பன் கேக் எங்கள் சருவத்துக்கென்றே கண்டுபிடித்தது போலப் பொருந்திப்போனது. கோவாவின் பெபிங்காவும் இப்படித்தான். ஓர் அடுக்கு மேல்கனலில் வெந்த பிறகே அடுத்த அடுக்கை ஊற்றுவார்கள். போர்மா இல்லாத சமையல் கண்டுபிடித்த வழி அது.

மைதா அரிசிப் பஞ்சக் காலத்தில்தான் எங்களுக்குப் பழகியது. அதற்கு ஊரில் பெயரே அமெரிக்கன் மாவு. ரேஷன் சீனியை ஓணத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிவைத்து, அம்மியில் பொடித்து, துணியில் சலித்து, வெண்ணெயோடு குழைப்போம். முட்டை அடிக்க மத்து.

முதல் வருஷம் நிறம் எங்களை அழவைத்தது. மஞ்சள் அடுக்குக்கு மஞ்சள்தூளும், சிவப்புக்கு பீட்ரூட் சாறும் கலந்தாள் அம்மா. மூடியைத் திறந்தபோது மஞ்சள் அடுக்கு செங்கல் நிறமாகியிருந்தது. சோடா உப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். பீட்ரூட்டோ சூட்டில் வெளிறிப் பழுப்பாகிவிட்டது. மறுவருஷம் களியக்காவிளைச் சந்தையில் பொட்டலத்தில் கலர்ப்பொடி வாங்கினோம். அதில் என்ன இருந்ததோ, கேட்கத் தோன்றவில்லை. இப்போது என் மகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன்: பெயரும் உரிம எண்ணும் அச்சிட்ட நிறத்தை மட்டும் வாங்கு, சிட்டிகைக்கு மேல் போடாதே. கேக்கில் செயற்கை நிறம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

இந்தக் கேக் வருவதற்கு முன்பே எல்லை எங்கள் சொந்தங்களைப் பிரித்திருந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. 1959-இல் எங்கள் சபையின் தென்திருவிதாங்கூர்த் திருமண்டலமும் இரண்டானது. குழித்துறை அத்தை வேறு மாநிலம், வேறு திருமண்டலம். ஆனாலும் டிசம்பர் 24 காலையில் வாழையிலையில் பொதிந்த கேக்கோடு அப்பா பஸ் ஏறுவார். சாயங்காலம் அதே பையில் முந்திரிக்கொத்து வரும்.

அம்மா போய்விட்டாள். சருவம் என்னிடம் இருக்கிறது. எத்தனை சிரட்டை, எவ்வளவு நேரம் என்ற கணக்கை அவள் எழுதிவைக்கவில்லை, நானும் கேட்டு எழுதவில்லை. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, கனலில் கேக் சுட்ட மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த டிசம்பருக்குள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.