எலிசபெத் பண்ணை வீடு

மாற்றல் உத்தரவோடு ஊர்விட்டு ஊர் வந்த நாம், குடும்பத்தைத் தாங்கும் கை எதுவென நன்கறிவோம்.

ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில், தாருக் பழங்குடியினரின் மண்ணில், அவர்களைக் கேளாமலே அரசு வழங்கிய 100 ஏக்கரில், 1793இல் ஜான் மெக்கார்தர் பண்ணை வீடு ஒன்றை எழுப்பி, அதற்கு மனைவி எலிசபெத்தின் பெயரைச் சூட்டினார். ஆளுநர் பிளையைப் பதவியிலிருந்து இறக்கிய 1808ஆம் ஆண்டுக் கலகத்தில் முன்னின்றதால், 1809 முதல் 1817 வரை அவர் காலனியை விட்டு அகன்றிருக்க நேர்ந்தது. அவ்வெட்டாண்டுகளும் மெரினோ ஆட்டு மந்தைகளைப் பேணி, கம்பளியை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி, பிள்ளைகளையும் காத்தவர் எலிசபெத்தே.

ஆயினும், 1966இல் வெளிவந்த இரண்டு டாலர் நோட்டில் ஆட்டுக்கிடாவுடன் இடம்பெற்றது கணவரின் முகமே!

இன்று அருங்காட்சியகமாக நிற்கும் அவ்வீட்டின் பெயரிலேனும் அவ்வம்மையாரின் உழைப்பை நாம் நினைவு கொள்வோமாக.