எடுத்தவரும் எடுப்பித்தவரும்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் நோக்கி ஓடும் இருப்புப் பாதையின் ஓரம், குன்றுகளை அடுத்து அமைந்த ஊர் பல்லாவரம். தம் பெயரையே தமிழாக்கிக் கொண்ட மறைமலையடிகள் வாழ்ந்து மறைந்த ஊர். பல்லவர் பெயரைச் சுமந்து நிற்கும் அவ்வூரின் குன்றொன்றில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்தில் குடையப்பட்ட குகை ஒன்று உண்டு. அம்மன்னனின் பட்டப்பெயர்கள் அக்குகையிலே பொறிக்கப்பட்டுள்ளன. அவனுக்குப் பட்டங்களா குறைவு? குணபரன், மத்தவிலாசன், விசித்திரசித்தன் எனப் பட்டியல் நீளும். அவற்றுள் ஒன்று நம் சிந்தனையைத் தூண்டுவது: சித்திரகாரப்புலி! ஓவியருள் அவன் புலியாம்.

இருக்கட்டும். மன்னன் ஓவியம் அறிந்தவனாகவே இருக்கட்டும். நாம் கேட்பது வேறு. பாறையைக் குடைந்த கை யாருடையது? அந்தப் பட்டங்களை எழுத்தெழுத்தாகக் கல்லிலே வெட்டியவன் பெயர் என்ன? புலியின் பெயர் நிற்கிறது. உளி பிடித்தவன் பெயர் எங்கே?

இதே பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர், கற்கால மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சிக்கே அதுதான் வாயில் திறந்தது. கண்டெடுத்தவர் பெயரும் நாளும் நமக்குத் தெரியும். செதுக்கியவன் பெயரை அறிய வழியில்லை. அவன் காலத்தில் எழுத்தே இல்லை. அது காலத்தின் குறை. ஆனால் எழுத்து வந்த பின்னும், கல்வெட்டு வந்த பின்னும், அச்சு வந்த பின்னும், ஒளிப்படம் வந்த பின்னும், படைத்தவன் பெயர் மறைந்ததே! அது யார் குறை?

தோழர்களே! தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என இரண்டைப் படித்திருக்கிறோம். செய்தான் என்பது தன்வினை. செய்வித்தான் என்பது பிறவினை. பள்ளிச் சிறுவனும் அறிந்த பாடம். ஆயினும் அதே சிறுவனின் வரலாற்று வகுப்பில், "இராசராசன் பெரிய கோயிலைக் கட்டினான்" என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். இலக்கண வகுப்பில் பிழை. வரலாற்று வகுப்பில் விடை! விந்தை என்னவென்றால், இராசராசனே அந்தப் பிழையைச் செய்யவில்லை. தஞ்சைக் கல்வெட்டு, கோயிலை "நாம் எடுப்பிச்ச" கற்றளி என்றே பேசுகிறது. எடுத்த கற்றளி என்று சொல்லவில்லை. எடுப்பித்தது தான் என்பதை மன்னன் உணர்ந்திருந்தான். பிறவினையைத் தன்வினையாக மாற்றியவர்கள் பின்வந்த நாம்தான்.

அந்தப் பெரிய கோயிலுக்குள்ளே கருவறையைச் சுற்றிய இருண்ட வழியில், சுவரெல்லாம் ஓவியம். நாயக்கர் காலத்தில் அதன்மேல் வேறு ஓவியம் தீட்டப்பட்டது. அடியிலிருந்த சோழர் ஓவியம் சில நூற்றாண்டுகள் கண்ணில் படாமலே கிடந்தது. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக் கழக வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டு உலகுக்கு உரைத்தார். அதே கோயிலின் கல்வெட்டுகள், ஆடல் மகளிர் 400 பேரின் பெயரையும் அவரவர்க்கு ஒதுக்கிய வீட்டையும் ஒன்றுவிடாமல் சொல்கின்றன. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் உண்டு. ஆடற்பெண்ணுக்கும் தச்சனுக்கும் கிடைத்த இடம், அந்தச் சுவரோவியத்தைத் தீட்டியவனுக்குக் கிட்டவில்லை. சித்தன்னவாசலுக்குப் போனால், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் பெயர் கல்வெட்டில் உண்டு. குகைக் கோயிலைப் புதுப்பித்தவன் அவன். அங்கும் தாமரைக் குளத்தைத் தீட்டிய தூரிகைக்குப் பெயரில்லை.

தமிழன் ஓவியனை மதிக்கவில்லையா? சொல்லளவில் மிக மதித்தான். மதுரைக்காஞ்சி ஓவியனைக் கண்ணுள் வினைஞன் என்று அழைக்கிறது. பார்ப்போர் கண்ணுக்குள்ளே தன் தொழிலை நிறுத்துகிறவன் என்று அதற்கு உரை கண்டனர். இதைவிட அழகாக ஓவியனைக் குறிக்க முடியுமா? ஆனால் அழகிய பொதுப்பெயரைக் கொடுத்துவிட்டு, அவனுடைய சொந்தப் பெயரைக் கேட்காமல் இருந்துவிட்டோம். ஏன்? தொழில் பிறப்போடு கட்டப்பட்டது. தச்சன் மகன் தச்சன், ஓவியன் மகன் ஓவியன் என்றாகிவிட்டால், செய்வது அவன் அறிவின் விளைவாகத் தோன்றாது. அவன் குலத்தின் கடமையாகத் தோன்றும். கடமையைச் செய்தவனுக்குப் பெயர் எதற்கு என்று கேட்டது சாதிச் சமுதாயம். கூலி கொடுத்தாயிற்று, போ என்றது.

மேலைநாட்டிலே 1839-ஆம் ஆண்டு ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி உப்பின்மேல் ஒளி பட்டால் அது கருக்கும். அந்த எளிய வேதியியல்தான் அடிப்படை. ஒளிக்குச் சாதி தெரியாது. அரசன் முகத்தில் பட்ட ஒளிதான் அடிமை முகத்திலும் படும். அரசனும் தெய்வமும் மட்டுமே முகம் பெற்றிருந்த நாட்டில், எல்லோருக்கும் முகம் கிடைக்கும் காலம் பிறந்தது என்று எண்ணத் தோன்றும். நடந்ததைப் பார்ப்போம்.

சென்னையில் அலெக்சாந்தர் அண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று எழும்பூரில் நிற்கும் அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. 1856-இல் சென்னையில் ஒளிப்படச் சங்கமும் தோன்றியது. அதே ஆண்டு, லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என மாட்டுவண்டிப் பாதைகளில் பெட்டிகளைச் சுமந்து சென்று அவர் எடுத்த படங்கள் இன்றும் உலக அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 1858-இல் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, நீண்ட சுருளாக்கினார். எடுப்பித்தவன் எழுத்தை, எடுத்தவர் ஒருவர் ஒளியால் எழுதினார்!

அப்படங்களை உற்றுப் பாருங்கள். கோபுரங்கள் துலங்கும், தூண்களின் சிற்பம் துலங்கும், தெருவிலோ பெரும்பாலும் ஆளே இருக்கமாட்டார். மதுரையில் மக்கள் இல்லையா? இருந்தார்கள். அக்காலத்து மெழுகுத் தாளில் உருவம் பதியச் சில நிமிடங்கள் பிடிக்கும். அசையாத கல் பதியும். நடந்துபோன மனிதன் பதியமாட்டான். கருவியின் குறை அது. ஆயினும் நம் வரலாறு எழுதப்பட்ட முறைக்கும் அப்படங்களுக்கும் எவ்வளவு ஒற்றுமை! கோயில் நிற்கிறது, கூலிக்காரன் காணோம்.

டிரைப்புடன் பணியாற்றிய தமிழர் ஒருவர் உண்டு. கலைப்பள்ளியில் பயின்ற அய்யாசாமி. வேதிப்பொருள் பூசவும், படத்தைக் கழுவவும், அச்செடுக்கவும் கற்ற கை. 1860-ஐ ஒட்டி, ஆளுநர் திரவெலியன் ஒளிப்படத்தை ஆடம்பரச் செலவாகக் கருதியதால் டிரைப்பின் அலுவலகம் மூடப்பட்டது. டிரைப் பெயரால் நூல்கள் வந்துவிட்டன, கண்காட்சிகள் நடந்துவிட்டன. அய்யாசாமியின் பெயரை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? ஒளிப்படம் தமிழ்நாட்டில் கால் வைத்த நாளிலேயே, அதைக் கற்றுக் கையாண்ட தமிழன் ஒருவன் இருந்தான் என்பது பெருமைக்குரிய செய்தி அன்றோ? பாடநூலில் அதற்கு இரண்டு வரி ஒதுக்கக் கூடாதா?

எடுத்தவர் நிலை இது. எடுக்கப்பட்டவர் நிலையோ இன்னும் கொடிது. இந்திய மக்களைச் சாதி வாரியாகவும் இனம் வாரியாகவும் படம்பிடித்து, 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது வெள்ளை ஆட்சி. பூச்சிகளை ஊசியால் குத்திப் பெட்டியில் வரிசைப்படுத்துவது போல மனிதர்களை வரிசைப்படுத்தினர். முகத்தின் கீழே சாதியின் பெயர். ஆளின் பெயரோ அரிதினும் அரிது. அதற்கு முன்பே தஞ்சை ஓவியர்கள், கும்பினி அதிகாரிகளுக்காகச் சாதிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இணை இணையாகத் தீட்டி விற்றனர். வெள்ளைக்காரன் கேட்டான், நம்மவர் கொடுத்தனர். சாதியை உண்டாக்கியவன் வெள்ளையன் அல்லன். நாம் போட்டிருந்த கோட்டின்மேல் அவன் மை தடவினான். அவ்வளவே.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தீய்த்த தாது ஆண்டுப் பெரும்பஞ்சம். மாண்டவர் தொகை 50 இலட்சத்துக்கும் மேல் என மதிப்பிடுவோர் உண்டு. அப்போது, சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லபி வாலஸ் ஊப்பர் படப்பெட்டியுடன் வந்தார். எலும்பும் தோலுமாய்க் கிடந்தோரைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்தார், உட்கார முடியாதவரைச் சாய்த்து வைத்தார், படம் எடுத்தார். படம் எடுத்தவர் கஞ்சி கொடுத்தாரா என்ற கேள்வி அவர் காலத்திலேயே எழுந்தது. அதே ஊப்பர், பின்னர் 1886-இல் பர்மாவில் சுட்டுக் கொல்லப்படுவோரைத் துப்பாக்கி வெடிக்கும் நொடியிலே படமெடுக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டில் விசாரணைக்கு உள்ளானார். அப்பஞ்சப் படங்கள் கொடுமைக்குச் சான்றாக நிற்கின்றன, உண்மை. அவற்றை மறைக்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த எலும்புக் கூடுகளில் ஒன்றுக்கேனும் பெயர் கேட்டு எழுதிவைக்க ஊப்பருக்குத் தோன்றவில்லையே! பசித்தவன் காட்சியானான். மனிதனாகவில்லை.

ஓவியத்துக்குத் திரும்புவோம். இரவிவர்மாவைப் புகழாதார் இல்லை. 1894-இல் பம்பாய்ப் பக்கம் அவர் நிறுவிய அச்சகம், கலைமகளையும் திருமகளையும் காசுக்கு விற்றது. கோயில் வாசல் அடைக்கப்பட்டவன் வீட்டுச் சுவரிலும் தெய்வம் தொங்கிற்று. இங்கே பகுத்தறிவுடையோர் நின்று சிந்திக்க வேண்டும். நான்கு கைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், அந்தத் தெய்வம் அன்று சேலை உடுத்திய ஒரு பெண். தூரிகை அவளைத் தேவியாக்கிற்று. படைத்தவன் ஓவியன், படைக்கப்பட்டது தெய்வம். ஆனால் மாலை விழுந்தது தெய்வத்துக்கு. திருவாங்கூர் அரண்மனை ஓவியர் இளைஞர் இரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைக் கற்பிக்க மறுத்தபோது, அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியோர் கூறுவர். அந்த ஆறுமுகம் பிள்ளையையும் அய்யாசாமியின் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும்.

நம் கண்முன் உள்ள சான்றுக்கு வருவோம். வெண்ணிற ஆடை, கையிலே எழுத்தாணியும் ஓலையும், நெற்றியிலே எந்தச் சமயக் குறியும் இல்லை. வள்ளுவர்! 1960-இல் வள்ளுவருக்கு அஞ்சல்தலை வந்தது. 1964-இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் ஓவியம் திறக்கப்பட்டது. 1967-இல் அரசு அலுவலகந்தோறும் அதை வைக்க ஆணை பிறந்தது. பள்ளியிலும் பேருந்திலும் தமிழன் நாள்தோறும் காணும் முகம் அது. வரைந்தவர் யார் என்று எந்த வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். கே.ஆர். வேணுகோபால் சர்மா என்ற விடை எத்தனை வாயிலிருந்து வரும்? சமயச் சின்னமற்ற வள்ளுவரை நமக்குத் தந்தவர் பெயரைச் சொல்லத் தெரியாத நாம், பல்லவனைக் குறை சொல்லலாமா?

இருளை மட்டும் காட்டி நிறுத்தமாட்டோம். பல்லாவரத்துக்குக் கிழக்கே, கடற்கரையோரம், ஈஞ்சம்பாக்கம். கலைப்பள்ளியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில், 1966-இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அரண்மனை இல்லை, கோயில் இல்லை, கும்பினி இல்லை. இனி ஓவியன் எப்படி உண்பது? அவர்கள் துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாட்டிக் வேலையும் பிற கைவினைகளும் செய்து விற்றனர். அந்த வருவாயில் நிலமும் குடியிருப்பும் உண்டாக்கினர். கைவினையால் உண்டு, ஓவியத்தைத் தம் விருப்பப்படி தீட்டினர். கே. இராமானுசம், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், அர்னவாசு என அங்கே வாழ்ந்து பணிசெய்தோர் ஒவ்வொருவரும் தம் படைப்பின் ஓரத்தில் தம் பெயரை எழுதினர். எடுத்தவரே எடுப்பித்தவராகவும் ஆன இடம் அது. ஓவியத்தில் தன்மானம் என்பது இதுதான்!

இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் படப்பெட்டி. டிரைப்புக்குச் சில நிமிடங்கள் பிடித்தது, நமக்கு இமைப்பொழுதில் முடிகிறது. ஆனால் மனம் மாறிற்றா? 2015 திசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் தாம்பரத்தின் தாழ்ந்த பகுதிகளும் மூழ்கின. அத்தகைய பேரிடர் நாள்களில் வெளியாகும் படங்களைப் பாருங்கள். சோற்றுப் பொட்டலத்தை நீட்டுபவர் முகம் நடுவிலே, பெயர் கீழே. வாங்கும் மூதாட்டிக்குப் பெயரில்லை, படம் எடுக்கலாமா என்று அவரைக் கேட்டதுமில்லை, படம் எடுத்த இளைஞன் பெயரும் இல்லை. கொடுப்பவன் விசித்திரசித்தன்! வாங்குபவர் ஊப்பரின் எலும்புக்கூடு! ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்தும் அதே பாறை, அதே பட்டம்.

ஆகவே இளைஞர்களே, பெரிய புரட்சியை நாம் கேட்கவில்லை. ஒரு படத்தைக் கண்டால் வரைந்தவர் யார், எடுத்தவர் யார் என்று கேளுங்கள். படிப்பகத்துச் சுவரில் தொங்கும் படங்களின் கீழே அப்பெயர்களை எழுதி ஒட்டுங்கள். ஏழையைப் படம் எடுக்குமுன் அவர் இசைவைக் கேளுங்கள். இசைந்தால் பெயரைக் கேட்டு எழுதுங்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய படத்தின் பின்புறம், அதில் நிற்கும் ஒவ்வொருவர் பெயரையும், ஊரையும், ஆண்டையும் இன்றே எழுதிவையுங்கள். பாட்டி இருக்கும்போதே எழுதுங்கள். அவருக்குப் பின் அப்படத்தைப் படிக்க ஆளிருக்காது.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை வகுப்பிலே, பெரிய கோயிலை யார் கட்டினார் என்று வினவுங்கள். இராசராசன் கட்டினான் என்று மாணவன் சொன்னால், பிறவினையைத் தன்வினையாக எழுதிவிட்டாய் என்று திருத்துங்கள்.

இராசராசன் கட்டுவித்தான். கட்டியவர் வேறு.