பத்தாயமும் பக்கமும்: விக்கிமூல வழங்கிகளின் வேக வரலாறு

காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் நெல் பத்தாயத்தில் கிடந்தது. ஆயின் உலைக்கு வேண்டுவது நெல்லன்று, குத்திய அரிசி. விருந்தினர் வந்தபின் நெல் குத்தப் புகுந்தால் பந்திக்குக் காலந்தாழும் என்பதைத் தஞ்சை நாட்டார் நன்கறிவர். இணைய வழங்கிகளின் வரலாறும் இவ்வறிவை ஒட்டியே நடந்துள்ளது. அது தமிழ் நூற்பதிப்புக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தோன்றியது. அதனையும் அதன் உடன்பிறப்பாகிய விக்கிமூலத்தையும் இயக்குவது மீடியாவிக்கி என்னும் மென்பொருள். அது பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதப்பெற்றது. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ப் வெளியிட்ட அம்மொழி, வேண்டுகோள் வருந்தோறும் நிரலை முதலிலிருந்து படித்து, இடைநிலைக் கட்டளைகளாக மாற்றி, அதன்பின் இயக்கும் இயல்பினது. வருவோர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே நெல் குத்துவதை ஒத்தது இது.

இக்குறைக்குத் தீர்வு இருவகையாக அமைந்தது. ஆக்கி முடித்த பக்கத்தையே வழங்கியில் சேமித்து வைத்தல் ஒன்று. விக்கிமீடியா முதலில் ஸ்க்விட்டையும் பின்னர் வார்னிஷையும் இதற்குக் கையாண்டது. 2018இல் சிங்கப்பூரிலும் ஒரு சேமிப்பு நிலையம் அமைத்தது. மாற்றிய கட்டளைகளைச் சேமித்தலும் நிரலை விரைந்து இயக்குதலும் மற்றொன்று. 2013இல் வெளிவந்த பிஎச்பி 5.5 பதிப்புடன் ஓபிகேஷ் இணைக்கப்பெற்றது. விக்கிமீடியா 2014இல் ஃபேஸ்புக் ஆக்கிய எச்எச்விஎம் பொறிக்கும், 2019இல் பிஎச்பி 7க்கும் மாறியது.

படிப்போரே மிகப் பலராதலின் முதல்வகையே போதும் என்பர் சிலர். அஃது எமக்கு உடன்பாடன்று. படிப்பவர்க்கு ஆயத்தமான பக்கம் கிடைக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவரோ பக்கத்தைச் சேமிக்குந்தோறும் வழங்கி அதனைப் புதிதாக ஆக்கியாக வேண்டும். அவர்க்குத் துணைசெய்வது இரண்டாம் வகையே.

நாட்டுடைமையான நூல்கள் 2,000க்கு மேற்பட்டவை தமிழ் விக்கிமூலத்தில் இடம்பெற்றுள்ளன. எழுத்துணரி தந்த பாடத்தில் ரகரமும் காலும் மயங்கிக் கிடத்தல் உண்டு. அதனைப் பக்கம் பக்கமாகத் திருத்துவோர் தன்னார்வலர். எச்எச்விஎம் மாற்றத்தால் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தைச் சேமிக்கும் இடைநிலை நேரம் ஏறத்தாழ 7.5 நொடியிலிருந்து 2.5 நொடியாகக் குறைந்ததென 2014இல் அறிவிக்கப்பட்டது. இவ்வளவையே கொண்டு கணக்கிடின், 300 பக்க நூலொன்றிற்கு மிஞ்சுவது 1,500 நொடி, அஃதாவது 25 நிமிடம். ஒரு நூலளவில் இது சிறிதே. அத்தகைய 2,000 நூல்களுக்கோ 800 மணி நேரத்திற்கு மேலாகும். ஒரு பக்கம் மெய்ப்புப் பார்த்தபின் வேறொருவரால் சரிபார்க்கவும் படுமாதலின், பயன் இரட்டிக்கும்.

எனினும் ஆக்கிய சோறு நெடுநேரம் நில்லாது. திருத்தம் சேமிக்கப்பட்டதும் பழைய பக்கம் சேமிப்பினின்று நீக்கப்படுதல் வேண்டும். மீடியாவிக்கி அதனைச் செய்கிறது. ஆயினும் பாடம் மாறிக்கொண்டே இருத்தலின், மேற்கோள் காட்டும் ஆய்வு மாணவர் பக்கத்தின் பொது முகவரியை விடுத்து, குறித்த திருத்தத்தின் நிலையான தொடுப்பையே சுட்டுதல் வேண்டும். இன்றேல் அவர் காட்டிய பாடம் ஒன்றாகவும், படிப்பவர் காணும் பாடம் வேறொன்றாகவும் முடியும்.

வழங்கியின் வேகம் பொறியாளர்க்கே உரிய பொருளென்று கருதி நாம் ஒதுங்குதல் பொருந்தாது. நல்ல பாடம் உருவாவது மெய்ப்புப் பார்ப்பவரின் உழைப்பால். அவ்வுழைப்பு வீணாகாமற் காப்பது பதிப்புப் பணியின் ஒரு கூறே என்பது எம் துணிபு.