வன்னிக் காய்ச்சலும் கொயினாவும்

வன்னியின் வரலாறு என்றவுடன் நம்மவர் வன்னிமைகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும், பண்டார வன்னியனின் போரையும், தூர்ந்துபோன குளங்களையும் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். அரசர் ஆண்டதும் போர் நடந்ததும் வரலாறுதான், மறுப்பாரில்லை. ஆயின் அக்குளங்களின் அலைகரையோரம் குடிசை கட்டி வாழ்ந்த உழவன் எந்த நோயால் மாண்டான், அவனுக்கு மருந்து கிடைத்ததா, கிடைத்த மருந்து அவனைக் காத்ததா என்பனவும் வரலாற்றின் கேள்விகளே. அவற்றை எழுப்புவோர் மிகச் சிலர். இக்கட்டுரையில் நாம் அந்தக் கேள்விகளையே எழுப்பிப் பார்க்க விழைகிறோம்.

வன்னியின் தலையாய நோய் காய்ச்சல். முறைக் காய்ச்சல், குளிர் காய்ச்சல் என்றெல்லாம் மக்கள் அதனை அழைத்தனர். நடுக்கம் எடுக்கும், உடல் கொதிக்கும், வியர்த்து ஓயும், ஒருநாள் விட்டு மறுநாள் மீண்டும் வரும். பல்லாண்டு காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளின் மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளி நிற்கும். அதனைக் காய்ச்சற்கட்டி என்றனர். வன்னியின் நீரும் காற்றும் நஞ்சென்று யாழ்ப்பாணத்தார் அஞ்சினர். வெள்ளை அதிகாரிகளோ காட்டு ஆவியையும் குடிமக்களின் சோம்பலையும் காரணங் காட்டினர்.

உண்மை வேறு. 1880இல் லவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் ரொனால்ட் றொஸ் சிக்கந்தராபாத்தில் அதனை நுளம்பின் வயிற்றிற் கண்டார். 1920களில் இலங்கையில் ஆராய்ந்த கார்ட்டர், இந்நாட்டில் நோய் பரப்பும் நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என நிறுவினார். அது சாக்கடையில் முட்டையிடுவதில்லை. வெயில் படும் தெளிந்த நீரையே நாடும். கனகராயன் ஆறும் பாலியாறும் பேராறும் கோடையில் ஓட்டம் அறுந்து குட்டை குட்டையாய்த் தேங்கும்போது, ஒவ்வொரு குட்டையும் அதற்குத் தொட்டிலாகிறது. உடைந்த குளத்தின் கீழும் அவ்வாறே. குளம் உடைந்தால் நுளம்பு பெருகும். நுளம்பு பெருகினால் உழவன் படுக்கையில் விழுவான். உழவன் விழுந்தால் குளத்தைக் கட்ட ஆளிராது. வன்னியைப் பாழாக்கியது காய்ச்சலா, பாழான வன்னி காய்ச்சலை வளர்த்ததா என்று வாதிடுவோர் இச்சுழலை மறந்துவிடுகின்றனர். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. சோம்பல் என்று அதிகாரி கண்டது, குருதி வற்றிய உடலின் தளர்ச்சியே.

இந்நோய்க்கு மருந்து இல்லாதிருந்ததா? இருந்தது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவை 1820இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் இருவர் பிரித்தெடுத்துவிட்டனர். ஆனால் விலை ஏழைக்கு எட்டவில்லை. பட்டையிலே கொயினாவை ஒத்த வேறு மூன்று சத்துக்களும் உண்டு; அவை மலிவு. அவை நோயைத் தீர்க்குமா? இதனை ஆராய 1866இல் இந்தியாவின் மூன்று மாகாணங்களிலும் குழுக்கள் அமைக்கப்பட்டன. சென்னைக் குழுவின் கணக்கை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். 2,472 நோயாளருக்கு நான்கு சத்துக்களும் தனித்தனியே கொடுக்கப்பட்டன: கொயினா 846 பேருக்கு, குயினிடின் 664 பேருக்கு, சிங்கோனின் 559 பேருக்கு, சிங்கோனிடின் 403 பேருக்கு. அவர்களுள் மருந்து பலிக்காதவர் 27 பேரே. ஆயிரம் பேருக்குத் தோல்வி எத்தனை என்று கணக்கிட்டபோது கொயினாவுக்கு 7, குயினிடினுக்கு 6, சிங்கோனிடினுக்கு 10, சிங்கோனினுக்கு 23 என வந்தது.

இன்றைய அளவுகோலால் நோக்கின் இச்சோதனையிற் குறைகள் உண்டு. நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்து மருந்தை ஒப்பிடும் வழக்கம் அன்று தோன்றவில்லை. 1948இல் வெளியான ஸ்ரெப்ரோமைசின் சோதனையே அதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரியாயிற்று. ஒட்டுண்ணியே அறியப்படாத காலமாதலால் காய்ச்சல் நின்றதையே குணம் என்று எழுதினர். எனினும் ஒரு பேருண்மை ஐயமின்றி வெளிப்பட்டது: மலிவான சத்துக்களும் ஏழையின் காய்ச்சலைத் தீர்க்கும். 1868இலேயே அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. அதன் பின் எஞ்சியது அறிவியலின் கேள்வியன்று. யாருக்காக, எந்த விலையில், எவர் வழியாக என்னும் சமுதாயத்தின் கேள்வி.

அக்கேள்விக்கு அன்றைய பொருளாதாரம் அளித்த விடை நம் நாட்டின் வரலாற்றிலேயே பதிந்துள்ளது. 1861இல் ஹக்கலவில் சிங்கோனா நடப்பட்டது. 1869இல் தோன்றிய இலை நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபோது தோட்டத் துரைமார் சிங்கோனாவுக்குத் தாவினர். 1886இல் இலங்கை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டையைக் கப்பலேற்றியது. மலைநாட்டின் உச்சியிலே காய்ச்சலின் மருந்து மலைமலையாய்க் குவிந்தது. கீழே வன்னிக் காட்டிலே அதே காய்ச்சலால் பிள்ளைகள் மாண்டனர். இரண்டுக்குமிடையே இருந்த தூரம் 200 மைலுக்கும் குறைவு. பட்டை போன திசையோ இலண்டன் சந்தை. சந்தை நிரம்பியது, விலை விழுந்தது, துரைமார் மரங்களைப் பிடுங்கித் தேயிலையை நட்டனர். ஜாவாவின் டச்சுத் தோட்டங்கள் உலகின் கொயினாவைத் தம் கைக்குள் கொண்டுவந்தன. தன் மண்ணில் மருந்தை விளைவித்த நாடு பின்னர் கொயினாவுக்குப் பிறநாட்டை எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது.

அந்நிலையின் கொடுமை 1934இல் வெளிப்பட்டது. மழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகளும் குட்டைகளாயின. ஒக்டோபர் முதல் ஏழு மாதங்களில் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் பகுதிகள் பேரழிவைக் கண்டன. காய்ச்சலுக்குப் பழகாத உடல்கள் அவை. பட்டினியும் அவற்றை ஏற்கெனவே மெலிவித்திருந்தது. என். எம். பெரேரா, டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலிய இடதுசாரி இளைஞர் கிராமங்களுக்குள் இறங்கி மருந்தும் உணவும் வழங்கினர். சூரியமல் இயக்கத்தின் தொண்டர் ஆற்றிய பணி இலங்கை இடதுசாரி இயக்கத்தின் முதல் வேர்களுள் ஒன்று. கொயினா மட்டும் போதாது, பட்டினி கிடந்த உடலில் மருந்து நிற்காது என்பதை அவர்கள் கண்முன் கண்டனர்.

ஆனால் அந்த ஆண்டின் பேரொலியிலே வன்னியின் பெயர் அதிகம் கேட்கவில்லை. ஏன்? அங்கே காய்ச்சல் குறைவு என்பதனாலன்று. அது ஆண்டுதோறும் இருந்ததனால். சிறுவயதிலேயே மீண்டும் மீண்டும் நோயுற்று உயிர் தப்பியவர்க்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகும்; தப்பாதவர் கணக்கு, குழந்தைச் சாவுகளோடு கலந்து மறைந்துவிடும். திடீரென வரும் சாவு செய்தியாகிறது. நாள்தோறும் வரும் சாவு வழக்கமாகிவிடுகிறது. இந்த உண்மை மலேரியாவுக்கு மட்டும் உரியதன்று.

1936இல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. நிலமற்ற உழவர் காடு வெட்டிக் கழனியாக்க வந்தனர். அவர்களை எதிர்கொண்ட பகை யானையும் பன்றியும் மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரின் பின் டி.டி.ரி. தெளிக்கப்பட்ட பின்னரே வரண்ட வலயத்தின் குடியேற்றங்கள் வேரூன்ற முடிந்தது. 1946இல் இலங்கையில் ஆயிரத்துக்கு 20 பேராயிருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. ஓராண்டில் இத்தகைய வீழ்ச்சியை உலகம் அரிதாகவே கண்டிருந்தது.

டி.டி.ரி.யின் வெற்றி என்று உலகம் இதனைக் கொண்டாடியது. அப்போதுதான் ஆய்வாளர் சிலர் கணக்கை நுணுகிப் பார்த்தனர். மலேரியா அதிகமில்லாத மாவட்டங்களிலும் இறப்பு குறைந்திருந்ததே, அது எதனால்? 1967இல் மீகம இக்கேள்வியை வலியுறுத்தினார். போருக்குப் பிந்திய இறப்புக் குறைவில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் மலேரியா ஒழிப்பினால் விளைந்தது எனப் பீற்றர் நியூமன் கணித்தார். ஏறத்தாழ நான்கிலொரு பங்கே என 1974இல் ரொனால்ட் கிரே எழுதினார். எவர் கணக்கைக் கொண்டாலும் பெரும்பங்கு எஞ்சுகிறது. அந்த எஞ்சிய பங்கு என்ன? கிராமங்களுக்குப் பரவிய இலவச வைத்தியசாலை, மருத்துவ மாது, பென்சிலின், பங்கீட்டு அரிசி, பெண்பிள்ளைகளும் கற்ற இலவசக் கல்வி. நுளம்பைக் கொன்ற தூள் மட்டும் மக்களைக் காக்கவில்லை. மக்கள் போராடிப் பெற்ற சமூக நலத்திட்டங்களும் காத்தன.

அதே காலத்தில் சென்னையில் நடந்த மற்றொரு சோதனையும் இங்கு எண்ணத்தக்கது. 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 ஏழை நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவார் ஆரோக்கிய நிலையத்திலே நல்லுணவும் ஓய்வும் பெற்று மருந்துண்டனர். மறுபிரிவார் நெருக்கமான தம் குடிசைகளிலே இருந்தபடி அதே மருந்தை உண்டனர். ஓராண்டின் பின் நோய் தணிந்தவர் நிலையத்தில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. வீட்டில் இருந்தோரின் குடும்பத்தார்க்குத் தொற்று மிகுதியாகவும் இல்லை. குடிசைவாசிக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை என்ற பழைய வாதம் 1959இல் இவ்வாறு முறிந்தது. மருந்து தவறாமல் கையில் சேர்ந்தால் ஏழையின் உடலும் குணமடையும்.

வன்னியின் பிற்கால வரலாறு இதற்கு மறுபுறச் சான்று. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிவிட்டதென்று தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினர். 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நுளம்பு டி.டி.ரி.யை எதிர்த்துநின்றது. 1984இல் குளோரோகுயினுக்கு மசியாத ஒட்டுண்ணியும் இலங்கையிற் காணப்பட்டது. இதற்கிடையே போர் வந்தது. 1990களில் வன்னி பொருளாதாரத் தடைக்குள் அடைபட்டது. மருந்தும் அளந்தே அனுப்பப்பட்டது. இடம்பெயர்ந்தோர் மரநிழலிலும் தறப்பாளின் கீழும் நுளம்புக்கு உடலைக் கொடுத்துக் கிடந்தனர். 1999இல் நாட்டில் ஏறத்தாழ 264,000 பேருக்கு மலேரியா கண்டது. அதிற் பெரும்பங்கைச் சுமந்தது போர் நடந்த வடக்கும் கிழக்குமே.

ஆயினும் அந்த இருளிலேதான் வன்னியின் பெருமைக்குரிய ஒரு பக்கம் எழுதப்பட்டது. குருதித் துளியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் பணியாளரும், வீடு வீடாய் மருந்து தெளிப்போரும் போர் எல்லையின் இருபுறத்தும் தம் வேலையை நிறுத்தவில்லை. வேறெதிலும் உடன்படாத இரு தரப்பும் இப்பணிக்கு வழிவிட்டன. வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி ஈரலிலே ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் மீண்டும் எழும். அதனை ஒழிக்கப் பிறைமகுயினைப் பதினான்கு நாள் தொடர்ந்து உண்ணவேண்டும். குண்டுவீச்சுக்கிடையே பதினான்கு நாள் மருந்தை ஒருவன் உண்டு முடிப்பதற்கு எத்தனை பேரின் உழைப்பு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

மருந்தால் ஆகாததும் உண்டு என்பதையும் அதே மண் கண்டது. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆசுபத்திரி எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானதைச் செஞ்சிலுவைச் சங்கம் உலகறியக் கூறியது. சிகிச்சையின் பலன் பற்றிய எந்த அட்டவணையிலும் இதற்கு ஒரு நிரல் இல்லை. அதன் பின் செட்டிகுளம் மெனிக் பண்ணையில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் நெருக்கி வைக்கப்பட்டனர். அஞ்சியவாறு அங்கே மலேரியா கொள்ளைநோயாக எழவில்லை. 2012 ஒக்டோபரில் இந்நாட்டின் மண்ணில் தொற்றிய கடைசி நோயாளர் பதிவானார். 2016 செப்டெம்பரில் மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. கொழும்பின் மேடைகளில் அந்நாள் பலர் பாராட்டப்பட்டிருக்கலாம். மாங்குளத்திலும் மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் சைக்கிளில் திரிந்து குருதி எடுத்த பணியாளரின் பெயரை எந்த நூல் பதிந்தது?

வரலாறு இதனோடு முடியவில்லை. ஒட்டுண்ணி பிறநாடுகளிலிருந்து வருவோர் உடலில் இன்றும் வருகிறது. நுளம்பு எங்கும் போய்விடவில்லை. 1963இன் பாடம் மறக்கப்படின் 1969 திரும்பும். அதுமட்டுமன்று. 1990களில் வடமத்திய மாகாண உழவரிடையே அறியப்பட்ட காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் தொட்டுள்ளது. கிணற்று நீரின் புளோரைட்டும் வன்தன்மையுமா, கட்மியம் போன்ற உலோகமா, களைகொல்லியா, வெயிலில் வற்றும் உடலா என ஆய்வாளர் வாதிடுகின்றனர்; முடிந்த முடிபு இன்னும் இல்லை. ஆனால் நோயாளி யார் என்பதில் வாதமில்லை. முதலிற் காய்ச்சலால் மாண்ட அதே உழவனின் பேரனே இன்று குருதி சுத்திகரிப்புக்காக விடியற்காலைப் பேருந்தில் ஏறுகிறான். காரணத்தை ஆராய்வது அறிவியலின் கடன். அது முடியும்வரை நல்ல குடிநீரையும் அண்மையில் ஒரு சிகிச்சை நிலையத்தையும் அவனுக்கு மறுக்க எவருக்கும் நியாயமில்லை. சென்னைக் குழுவின் அறிக்கை வந்த பின்னும் வன்னிக்கு மருந்து வர எத்தனை தலைமுறை காத்திருக்க நேர்ந்தது என்பதை நாம் அறிவோம்.

வன்னிப் பாடசாலைகளில் பணிபுரியும் ஆசிரிய நண்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. உங்கள் கிராமத்தின் மூத்தோரைக் கண்டு, காய்ச்சற் காலம் எப்படியிருந்தது, யார் மருந்து கொண்டுவந்தார், எத்தனை பிள்ளைகள் இறந்தன என்று மாணவரைக் கொண்டு கேட்டு எழுதுவியுங்கள். அந்த முதியோர் மறைந்துகொண்டிருக்கின்றனர். அரசர் வரலாற்றைக் கல்வெட்டுக்கள் காத்துக்கொள்ளும்; இவர்கள் வரலாற்றைக் காக்க நம் குறிப்பேடுகளைத் தவிர வேறு எதுவுமில்லை.