கையேட்டில் ஒரு பாட வேறுபாடு

பாட வேறுபாடு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ஓலைச்சுவடிகளே. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. (1882–1954), கம்பன் பாடல்களுள் இடைச்செருகல் எனத் தாம் கருதியவற்றை விலக்கியும், சொற்களைத் திருத்தியும் பதிப்பித்தபோது எழுந்த விவாதத்தை நம் வட்டத்தார் நன்கறிவர். அத்திருத்தம் தகுமா எனக் கேட்டுத் தெளியக் கம்பன் இல்லை. ஆனால், நூலாசிரியர்களே தம் நூலின் சொற்களைப் பத்தாண்டுக் காலம் மாற்றி மாற்றி எழுதிய வரலாறு ஒன்று நம் காலத்திலேயே உண்டு. அது மென்பொருள் தொழிலில் நிகழ்ந்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி வருதலின், அத்தொழிலின் சொற்கள் இவ்வட்டாரத்துக்கு அயலானவை அல்ல.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி 'அஜைல்' அறிக்கையை வகுத்தனர். வரைந்த திட்டத்தை விடாது பற்றி நிற்பதினும், மாற்றத்துக்கு இசைந்து பணியாற்றுவதே மேல் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. இவ்வழியில் பெரிதும் பரவிய முறை 'ஸ்க்ரம்' ஆகும். ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் தோளொடு தோள் பிணைந்து நிற்கும் நிலையின் பெயர் அது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தவணைகளாக வேலையைப் பகுத்துக்கொள்வர். ஒவ்வொரு தவணையும் 'ஸ்பிரிண்ட்' எனப்படும். இதற்கான கையேட்டைக் கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லண்ட் ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்டனர். பின்னர் 2011, 2013, 2016, 2017, 2020 ஆகிய ஆண்டுகளில் திருத்தினர்.

இத்திருத்தங்களுள் முதன்மையானது 2011இல் நிகழ்ந்தது. ஒரு தவணையில் இவ்வளவு வேலையை முடிப்போம் என்று குழுவினர் கூறுவதற்கு முன்பு 'கமிட்மென்ட்' என்று பெயர், அஃதாவது, வாக்குறுதி. 2011இல் அச்சொல் நீங்கி, 'முன்கணிப்பு' எனப் பொருள்படும் 'ஃபோர்காஸ்ட்' இடம்பெற்றது. வாக்குத் தவறுவது குற்றம். கணிப்புத் தவறுவது குற்றமன்று. குற்றாலத்துச் சாரல் ஆனியில் பிந்தினால் கணித்தவரை எவரும் பொய்யர் என்பதில்லை. ஒரு சொல்லை மாற்றியதால் உழைப்பவர்மீது விழும் பழியே இடம்பெயர்ந்தது.

விலக்கிய சொல் மீண்டும் வந்தது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. 2016இல் சேர்க்கப்பட்ட ஐந்து விழுமியங்களுள் ஒன்று 'கமிட்மென்ட்'. 2020ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, அடைய வேண்டிய இலக்குக்கும், வேலை நிறைவுற்றது என்பதற்கான வரையறைக்கும் அதுவே பெயராயிற்று. எண்ணிக்கைக்குக் கொடுத்த வாக்காக வெளியேறியது, இலக்குக்குக் கொடுத்த வாக்காகத் திரும்பியது. சொல் ஒன்றே, பொருள் வேறு.

பிற மாற்றங்களும் உள. நாள்தோறும் ஒவ்வொருவரும் விடை கூற வேண்டிய மூன்று வினாக்கள் 2017இல் வெறும் எடுத்துக்காட்டாகச் சுருங்கி, 2020இல் மறைந்தன. 'உருவாக்கக் குழு' என்பது 'உருவாக்குநர்' என்றாயிற்று. குழுவுக்குள் மற்றொரு குழு என்னும் பிரிவுணர்வு எழாதிருத்தலே நோக்கம்.

ஏட்டில் மாறியது வாய்மொழியில் மாறியதா? மென்பொருள் பணியிலுள்ள என் பழைய மாணவி ஒருத்தி, "நீங்கள் கமிட் செய்ததை ஏன் முடிக்கவில்லை?" என்று கூட்டந்தோறும் தன்னைக் கேட்பதாக வருந்தினாள். 2011இலேயே கையேட்டினின்று நீங்கிவிட்ட பொருள் அங்கு இன்னும் ஆட்சி புரிகிறது! எந்தப் பதிப்பு என்று திருப்பிக் கேட்கும் துணிவை அவளுக்குத் தரவல்லது பாட ஆராய்ச்சியே.

பழையன மறைதலும் புதியன தோன்றுதலும் வழுவன்று என்பது நன்னூலார் கொள்கை. ஆயினும், மறைந்தது எது, தோன்றியது எது, அதனால் யார் சுமை குறைந்தது என்று பதிந்து வைப்பது தமிழ் கற்றார் கடன். இச்சொற்களைத் தமிழாக்க முனையும் கவிஞர்கள், 'கமிட்மென்ட்' என்பதற்கு 'வாக்குறுதி' என எழுதுமுன் ஒருகணம் தயங்குவாராக. அத்தயக்கத்தில் ஓர் உழைப்பாளியின் மானம் காக்கப்படக்கூடும்.