குளச்சற் கடலும் சிவாலய வழியும்

கல்குளம் வட்டத்து நெய்யூர் கடற்கரையூர் அன்று. ஆயினும் அதன் தென்மேற்கே சில கல் தொலைவிற் குளச்சல் துறை கிடத்தலின், கடல்வழி வந்த வரலாறு இவ்வூர்ப் பக்கத்தையும் தொடாமற் போகவில்லை.

மிளகு வாணிகத்தைத் தமதாக்கிக்கொள்ள விழைந்த ஒல்லாந்தர் 1741-ஆம் ஆண்டு குளச்சலில் இறங்கிக் கல்குளத்தை நோக்கி முன்னேறினர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் அவர்களை மறித்து, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் வென்றார். கரையிலுள்ள மீனவர் துடுப்புகளைத் தோளிற் சார்த்தி நிரையாய் நின்று, தொலைவிலிருந்த கப்பலார்க்குப் படைவீரர்போற் றோன்றினர் என்பது செவிவழிச் செய்தி. இதற்குச் சான்று யாதாயினும் ஆகுக. வெற்றியில் தமக்கும் பங்குண்டென அம்மக்கள் கருதி வருதல் தானே ஒரு வரலாறாம். குளச்சலில் வெற்றித்தூண் ஒன்றும் நிற்கின்றது.

ஆனால் தூணினும் மிகுதியாகப் பேசுவது கல்லறையே. சிறைப்பட்ட தெலனாய் என்பார் மன்னர்பால் ஊழியம் ஏற்று, படையை மேனாட்டு முறையிற் பயிற்றினார். புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டையைப் புதுக்கும் பணியை மேற்பார்த்தார். பீரங்கி வார்க்கும் உலைக்களமும் ஆண்டு அமைந்தது. ‘வலிய கப்பித்தான்’ என்று நாட்டார் அவரை வழங்கினர். தம் சமயத்தை அவர் விடவில்லை. விடுமாறு வேண்டப்படாமலே உயர்பதவி எய்தினார். 1777-இல் இறந்த அவர் உடல் அக்கோட்டையினுள்ளே, இன்று கூரையிழந்து நிற்கும் மாதாகோயிலில் அடக்கஞ் செய்யப்பட்டது. கல்லறைக் கல்லில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. பகைவனாய் வந்தவன் பெயரைத் தமிழெழுத்து ஏந்தி நிற்றல் குளச்சல் வெற்றியின் பொருளையே மாற்றுகின்றது. வென்றோம் என்பதை மட்டும் பாராட்டுவோர் இதனைக் காணாது கழிகின்றனர்.

மகாசிவராத்திரியையொட்டித் திருமலை முதல் திருநட்டாலம் ஈறாகப் பன்னிரு சிவாலயங்கட்கும் அடியார் ஓடுவர். வாயிற் கோவிந்த நாமம், நெஞ்சிற் சிவபெருமான்: இவ்வோட்டத்தின் தனிச் சிறப்பு அது. கல்குளத்து நீலகண்டரை வணங்கி, மேலாங்கோடு, திருவிடைக்கோடு எனச் செல்லும் அவர்கள் உதயகிரிக்கு அண்மையிலேயே கடக்கின்றனர். அடுத்தது திருவிதாங்கோடு, அதுவே நெய்யூர்க்கு அணித்தான சிவாலயம், நாட்டுக்கும் பெயர் தந்த ஊர். அடியார் விசிறியுடன் ஓடும் அவ்வழியின் ஒருபால், கடல் கொணர்ந்த கப்பித்தான் உறங்குகின்றான்.