இறந்தவருக்காகவா, இறந்தவரை நினைத்தா?
கிறிஸ்தவ மறுமைக் கொள்கை வளர்ந்த வரலாறு

நம்மூர்ச் செய்தித்தாள்களில் வரும் மரண அறிவிப்புகளைக் கவனித்துப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு வீட்டு அறிவிப்பில் ‘சிவலோகப் பதவி அடைந்தார்’ என்றிருக்கும். இன்னொரு வீட்டில் ‘வைகுண்டப் பதவி’. சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர் வீட்டு அறிவிப்பிலோ ‘கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்’ என்று போடுவார்கள். அதென்ன நித்திரை? இது அலங்காரத்துக்காக வந்த சொல் அல்ல. ஆதிக் கிறிஸ்தவர்கள் இடுகாட்டுக்கு வைத்த கிரேக்கப் பெயருக்கே ‘உறங்கும் இடம்’ என்றுதான் பொருள். உறங்குகிறவர் எழுந்திருப்பார் என்பது அந்தப் பெயருக்குள் அடங்கிய நம்பிக்கை.

இதைப்பற்றி எழுதத் தூண்டியது எங்கள் குடியிருப்பில் எழுந்த ஒரு சச்சரவு. கணவர் கத்தோலிக்கர், மனைவி சி.எஸ்.ஐ. சபை. ஊரில் மனைவியின் தகப்பனார் காலமானார். முப்பதாம் நாள் இங்கே கோவிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்றார் கணவர். “எங்கப்பா ஆண்டவர்கிட்ட போயாச்சு. இனிமே எதுக்கு அவருக்காக ஜெபம்?” என்று அழுதார் மனைவி. இருவருமே பாசத்தில்தான் பேசினார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் புகுந்த வழக்குக்கு ஐந்நூறு ஆண்டு வயது. இறந்தவர்களுக்கு உயிரோடிருப்பவர்கள் ஏதாவது செய்ய முடியுமா என்பதே கேள்வி. கிறிஸ்தவ மறுமை வரலாற்றின் பெரும்பகுதியும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

விதையும் முளையும்

பழைய எபிரேய நூல்களில் சொர்க்கம், நரகம் என்ற பிரிவினை தெளிவாக இல்லை. நல்லவர், கெட்டவர் எல்லோரும் ‘ஷியோல்’ என்ற நிழலுலகுக்குப் போனார்கள். நம் விவிலியத்தில் பல இடங்களில் ‘பாதாளம்’ என்று வருவது அதுதான். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், நம்பிக்கைக்காக யூதர்கள் கொல்லப்பட்ட காலத்தில், மாண்ட நீதிமான்கள் எழுவார்கள் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இயேசுவின் காலத்திலும் இதில் எல்லோரும் ஒன்றுபடவில்லை. பரிசேயர் உயிர்த்தெழுதல் உண்டென்றனர், சதுசேயர் இல்லையென்றனர்.

இயேசு உயிர்த்தார் என்பதே கிறிஸ்தவத்தின் அடித்தளம். எனவே ஆதிச் சபை ஆத்துமா அழியாது என்பதோடு நிற்காமல், உடலும் எழும் என்பதை வற்புறுத்தியது. பவுல் அதற்குச் சொன்ன உவமை விதை: புதைத்தது வேறு, முளைப்பது வேறு, ஆனாலும் அதுவே இது. 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் இறந்தோரின் உயிர்த்தெழுதலையும் வரப்போகும் வாழ்வையும் விசுவாச அறிக்கையிலேயே சேர்த்துவிட்டது.

அதெல்லாம் சரி, இறந்த நாளுக்கும் எழும் நாளுக்கும் நடுவில் அவர் எங்கே இருக்கிறார்?

இரண்டு பெண்கள்

இந்தக் கேள்விக்குப் பண்டிதர்கள் பதில் சொல்வதற்கு முன்பே பெண்கள் சொல்லிவிட்டார்கள் என்பது என் கருத்து. இருவருமே வட ஆப்பிரிக்கப் பெண்கள்.

203-இல் கார்த்தேஜ் நகரச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்தவர் பெர்ப்பேத்துவா என்ற இளம் தாய். சிறையில் அவர் எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது. ஏழு வயதில் முகத்தில் புற்று வந்து இறந்துபோன தம்பி தினோகிராத்தே அவர் காட்சியில் வருகிறான். தாகத்தால் தவிக்கிறான், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு அவனுக்கு எட்டவில்லை. அக்கா இரவும் பகலும் ஜெபிக்கிறார். அடுத்த காட்சியில் தொட்டியின் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. பையன் வயிறாரக் குடித்துவிட்டு, சின்னப்பிள்ளைகள் மாதிரி விளையாட ஓடுகிறான். எந்தக் கொள்கை விளக்கமும் இதற்குப் பிறகுதான் வந்தது.

இன்னொருவர் புனித அகுஸ்தீனின் தாய் மோனிக்கா. சொந்த ஊரில் கணவர் பக்கத்திலேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்று வெகுகாலம் ஆசைப்பட்டவர். 387-இல் ஊர் திரும்பும் வழியில், ரோமுக்கு அருகிலுள்ள ஓஸ்தியா துறைமுகத்தில் நோயுற்றார். உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பலிபீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மகன்களிடம் சொன்னாராம். இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுப் போகப் பயமில்லையா என்று கேட்டவர்களுக்கு, கடவுளுக்கு எதுவும் தூரமில்லை என்று பதில் சொன்னார். அகுஸ்தீன் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் இதை எழுதியிருக்கிறார். பெற்றவர்களின் கல்லறையை ஊரில் விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் காலந்தள்ளும் நமக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும்.

மூன்றாவது இடம்

இறந்தவருக்காக ஜெபிப்பது பயன்தரும் என்றால், அவர் முழுமையான பேரின்பத்திலும் இல்லை, மீளாத நரகத்திலும் இல்லை என்றாகிறது. இந்த நடுநிலையைப் பற்றிய எண்ணம் மெல்ல உருப்பெற்றது. 1000-ஆம் ஆண்டை ஒட்டி பிரான்சில் க்ளூனி மடத்தலைவர் ஓதிலோ, நவம்பர் 2-ஐ எல்லா ஆத்துமாக்களுக்குமான நாளாக்கினார். இன்று நாம் கல்லறைத் திருநாள் என்பது அதுதான்.

‘புர்காத்தோரியம்’ என்ற பெயர்ச்சொல்லே 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் 1981-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பெயர் புதிதே தவிர, கருத்து பழையது என்று மறுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும் 1274-இல் லியோன் சங்கம் தூய்மைபெறும் தண்டனைகளைப் பற்றிய கொள்கையை வரையறுத்தது. அடுத்த தலைமுறையில் தாந்தே அதை ஏழு அடுக்கு மலையாகப் பாடினார். அந்த மலையில் அவர் தம் நண்பர் ஃபொரேசேயைச் சந்திக்கிறார். செத்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இவ்வளவு உயரம் எப்படி? ஊரில் மனைவி நெல்லா விட்ட கண்ணீரும் ஜெபமுமே தன்னை ஏற்றிவிட்டன என்கிறார் ஃபொரேசே.

இதே காலத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. நீதிமான்களும் இறுதித் தீர்ப்பு நாள்வரை கடவுளை நேருக்கு நேர் காணமாட்டார்கள் என்று 1331-இல் பாப்பரசர் 22-ஆம் யோவானே பிரசங்கம் செய்தார். பெரிய கூச்சல் கிளம்பியது. 1334-இல் மரணப்படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த பாப்பரசர் 12-ஆம் பெனடிக்ட், தூய ஆத்துமாக்கள் தீர்ப்பு நாளுக்குக் காத்திராமலே கடவுளைக் காண்கின்றன என்று 1336-இல் முடிவு சொன்னார்.

காசு புகுந்தது

அன்பில் தொடங்கிய வழக்கத்தில் காசு புகுந்தது. 1476-இல் பாப்பரசர் 4-ஆம் சிக்ஸ்துஸ், பாவத் தண்டனைக் குறைப்பு என்ற பலன்களை இறந்தவர்களுக்கும் பெற்றுத்தரலாம் என்றார். ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்காகவும் இந்தச் சீட்டுகள் விற்கப்பட்டன. ஏழைத் தாய், செத்துப்போன பிள்ளைக்காக இருக்கிற காசைக் கொண்டுவந்து கொட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? 1517-இல் மார்ட்டின் லூத்தர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். ஆத்துமாக்களை விடுவிக்கப் பாப்பரசரால் முடியுமென்றால், காசுக்காக இல்லாமல் அன்புக்காகவே எல்லோரையும் விடுவிக்கலாமே என்பது அதில் ஒரு கேள்வி. அப்போது அவர் அந்த மூன்றாவது இடத்தையே மறுக்கவில்லை. 1530-இல்தான் அதை முற்றாக நிராகரித்து எழுதினார். இறந்தவருக்காகப் பலி செலுத்தியதைச் சொல்லும் இரண்டாம் மக்கபேயர் நூலும் சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் அதிகாரம் இழந்தது.

1563-இல் திரெந்து சங்கம் கத்தோலிக்கர் தரப்பில் பதில் சொன்னது: தூய்மைபெறும் நிலை உண்டு, ஜெபமும் பூசையும் உதவும், ஆனால் இழிவான லாபமும் மூடநம்பிக்கையும் கூடாது. கிழக்குத் திருச்சபைகளோ இறந்தவருக்காக ஜெபிக்கின்றன, ஆனால் மேற்கத்தியர் வரைந்த நெருப்பிடத்தை ஏற்கவில்லை.

தமிழ் கண்ட சொற்கள்

இந்த வழக்கு தமிழுக்கு வந்தபோது சொற்களோடு வந்தது. 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, மறுபிறவியை மறுக்க ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்று தனி நூலே எழுதினார். காரணம் புரிகிறது. ‘மோட்சம்’ நம்மவர்களுக்குப் பிறவிச் சுழலிலிருந்து விடுதலை. கிறிஸ்தவர்களுக்கு ஒரே பிறவி, அதன் முடிவில் கடவுளோடு வாழ்வு. சொல் ஒன்று, கணக்கு வேறு.

மூன்றாவது இடத்துக்குக் கத்தோலிக்கர் வைத்த பெயர் ‘உத்தரிக்கிற ஸ்தலம்’. உத்தரிப்பது என்றால் துன்பத்தைப் பொறுத்துக் கழிப்பது, ஈடுசெய்வது. மூலச்சொல்லில் சுத்தம்தான் இருக்கிறது. தமிழ்ச்சொல்லில் கடன் தீர்க்கும் வாடை வந்துவிட்டது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு வழிவந்த சபைகளுக்கு இந்தச் சொல்லே தேவைப்படவில்லை.

அண்மைக்காலத்தில் தொனி மாறியிருக்கிறது. சொர்க்கமும் நரகமும் இடங்கள் என்பதைவிட நிலைகள் என்று 1999-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் விளக்கினார். 2007-இல் 16-ஆம் பெனடிக்ட், அந்த நெருப்பு கிறிஸ்துவைச் சந்திப்பதே என்று சொல்லும் இறையியலாரின் கருத்தை எடுத்து விளக்கினார்.

ஆகக்கூடி, கத்தோலிக்கர் இறந்தவருக்காக ஜெபிக்கிறார். சீர்திருத்தச் சபையார் இறந்தவரை நினைத்து நன்றி சொல்கிறார். முன்னவர், பாசக்கயிறு சாவால் அறுவதில்லை என்கிறார். பின்னவர், கடவுளின் கிருபைக்குமேல் நாம் சேர்க்க ஒன்றுமில்லை என்கிறார். ஒருவர் மற்றவரை மூடநம்பிக்கைக்காரர் என்றோ கல்நெஞ்சர் என்றோ சொல்ல வரலாறு இடம் தரவில்லை. நவம்பர் 2 அன்று தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போனால், இரு தரப்புக் குடும்பங்களும் புல்லைச் செதுக்கி, பூவைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்க்கலாம். ஊருக்குப் போக முடியாத நம்மவர்கள் இங்கேயே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றட்டும். அது ‘அவருக்காக’வா, ‘அவரை நினைத்தா’ என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம்.